நீண்டதூர கேனோ, கயாக் பந்தயங்களில் மக்கள் ஏன் கலந்துகொள்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீண்டதூரப் பந்தயம் என்றால் எவ்வளவு தூரம்?

கேனோ ஒருமுனைத் துடுப்பாலும், கயாக் இருமுனைத் துடுப்பாலும் செலுத்தப்படும் ஒடுங்கிய படகுகள். ஒலிம்பிக்கில் நாம் காணும் கேனோ, கயாக் விரைவுப் பந்தயம் 1000 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. உலக கேனோ மாரத்தான் போட்டிகளில்கூட ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இங்கே பேசப்படுபவை அவற்றைவிடப் பல மடங்கு நீளமானவை. கனடாவில் ஒயிட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டி வரை நடக்கும் யூகான் ரிவர் குவெஸ்ட் 715 கிலோமீட்டர். அமெரிக்காவின் டெக்சாஸ் வாட்டர் சஃபாரி 260 மைல், மிசௌரி ஆற்றில் நடக்கும் எம்.ஆர். 340 பந்தயம் அதன் பெயரிலேயே இருப்பதுபோல் 340 மைல், இங்கிலாந்தின் டிவைசஸ்–வெஸ்ட்மின்ஸ்டர் பந்தயம் 125 மைல். இவற்றில் பலவற்றை இரவும் பகலும் தொடர்ந்து துடுப்புப் போட்டே முடிக்கிறார்கள்.

வென்றால் பெரிய பரிசுத்தொகை கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. டெக்சாஸ் வாட்டர் சஃபாரியை 100 மணி நேர வரம்புக்குள் முடித்தவர்கள் பெருமையோடு எடுத்துச் செல்வது, சட்டையில் தைத்துக்கொள்ளும் ஒரு சிறிய துணிப் பட்டையைத்தான். மிச்சிகன் மாநிலத்தில் கிரேலிங்கிலிருந்து ஒஸ்கோடா வரை இரவு முழுவதும் நடக்கும் ஓ சேபிள் மாரத்தான் போன்ற சில பந்தயங்களில் பரிசுப் பணம் உண்டு. ஆனால் படகு, துடுப்பு, பயணம், ஆண்டு முழுவதும் எடுக்கும் பயிற்சி ஆகியவற்றின் செலவைக் கணக்கிட்டால், முன்னணியில் வரும் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அது கையைக் கடிக்கும் வணிகம்தான். மோட்டார் இல்லாத எந்தப் படகும் கலந்துகொள்ளக்கூடிய ரேஸ் டு அலாஸ்கா, 750 மைல் கடல்வழியைக் கடந்து முதலில் வருபவருக்கு 10,000 டாலரும், இரண்டாவதாக வருபவருக்கு ஒரு தொகுப்பு இறைச்சி வெட்டும் கத்திகளும் தருகிறது. இந்தக் கேலியைப் புரிந்து சிரிப்பவர்கள்தான் அதில் சேருகிறார்கள் என்பதே பரிசின் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

பணம் இல்லாததே ஒருவகையில் ஈர்ப்பைக் காக்கிறது என்றும் கருத இடமுண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளிடம் வரைந்தால் பரிசு தருவதாக முன்கூட்டியே சொன்னபோது, பின்னர் பரிசு இல்லாத வேளையில் அவர்கள் வரைவதில் காட்டிய நாட்டம் குறைந்துபோனது. குழந்தைகளிடம் கண்டதை நாற்பது வயதுத் துடுப்பாளர் மீது அப்படியே ஏற்றிவிட முடியாது. என்றாலும், கூலி பேசாத வேலையைச் செய்பவர் அதைக் கூலிக்காகச் செய்வதாகக் கருத மாட்டார் என்ற அளவில் அது பொருந்துகிறது.

பணம் இல்லையென்றால் வேறு எதற்காகத்தான் சேருகிறார்கள்?

இதற்கு ஒரே விடை தேடுவதால்தான் பலரும் திருப்தியில்லாத பதிலோடு திரும்புகிறார்கள் என்பது என் கருத்து. இந்தக் கேள்வியை ஒரே மனிதரிடம் மூன்று வேளைகளில் கேட்க வேண்டும்: பதிவுப் படிவத்தை நிரப்பும்போது ஒருமுறை, பந்தயத்தின் இரண்டாம் இரவில் ஒருமுறை, முடிந்து சில வாரங்கள் கழித்து ஒருமுறை. மூன்று வேளைகளிலும் வெவ்வேறு பதில்கள் வரும். மூன்றுமே உண்மையாக இருக்கும்.

பதிவு செய்யும்போது மனத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு கற்பனை. வரைபடத்தில் நீளும் ஆறு, நண்பர் ஒருவரின் அழைப்பு, நாற்பதையோ ஐம்பதையோ தொடப்போகும் வயது, அண்மையில் நேர்ந்த ஓர் இழப்பு அல்லது பிரிவு, "இதை என்னால் முடியுமா" என்ற உறுத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். இரண்டாம் இரவில் அந்தக் காரணங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆவியாகிவிடும். அப்போது ஒருவரைத் துடுப்புப் போட வைப்பவை மிகச் சிறியவை: அடுத்த வளைவு, அடுத்த கண்காணிப்பு முகாம், முன்னால் இருப்பவரின் முதுகு, நிறுத்தினால் குளிரும் என்ற எளிய உண்மை. முடிந்த பின் சொல்லப்படும் காரணமோ பெரும்பாலும் பந்தயத்துக்குள் பிறந்தது. சேரும்போது அது அவர்களுக்கே தெரியாது. ஆகவே பந்தயத்தை முடித்தவர் மேடையில் சொல்லும் காரணத்தை, அவர் சேர்ந்ததற்கான காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாரத்தான் ஓடுபவர்களின் நோக்கங்களும் இவையும் ஒன்றுதானா?

பெருமளவு ஒன்றுதான். மாரத்தான் ஓட்டக்காரர்களின் நோக்கங்களை அளவிட 1993இல் மாஸ்டர்ஸ், ஓகிள்ஸ், ஜோல்டன் என்ற ஆய்வாளர்கள் 56 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். உடல்நலம், எடை பற்றிய கவலை, பிறரோடு சேர்ந்திருத்தல், பாராட்டு, போட்டி, சொந்த இலக்கு, மனச்சுமையைச் சமாளித்தல், தன்மதிப்பு, வாழ்வின் பொருள் என ஒன்பது வகைகளை அது பிரித்துக் காட்டுகிறது. நெடுந்தூரத் துடுப்பாளர்களிடமும் இவற்றைக் காணலாம். ஆனால் இவற்றின் முக்கியத்துவம் மாறுகிறது. எடையைக் குறைப்பதற்காக 715 கிலோமீட்டர் துடுப்புப் போட வருபவர் அரிது. மாறாக, இடத்தின் மீதான ஆசை அந்த ஒன்பதில் தனி வகையாக இல்லை. ஆற்றுப் பந்தயங்களிலோ அது முன்வரிசையில் நிற்கிறது.

இன்னொரு வேறுபாடு நீரோட்டம் தருவது. ஓடுபவர் கால்களை நிறுத்தினால் நின்ற இடத்திலேயே நிற்பார். ஆற்றில் துடுப்பை வைத்துவிட்டு ரொட்டித் துண்டைத் தின்பவரும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக்கொண்டே இருப்பார். படகு உடலின் எடையைச் சுமப்பதால் முழங்கால் தேய்ந்தவர்களும் முன்பு ஓட்டக்காரர்களாக இருந்து அடிபட்டவர்களும் இந்தப் பக்கம் வருகிறார்கள். வேகத்தைவிட நிதானமும், நீரின் போக்கை வாசிக்கும் கண்ணும், உணவையும் தூக்கத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் அறிவும் அதிகப் பலன் தருகின்றன. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இருபது வயது இளைஞர்களை முந்துவது இங்கே வியப்பான செய்தி அன்று. தான் இன்னும் மேம்பட முடியும் என்ற உணர்வு மற்ற விளையாட்டுகளில் கைவிட்டுப்போன வயதில், அது இங்கே மீண்டும் கிடைக்கிறது.

படகில் இன்னொருவர் இருப்பது ஊக்கத்தைக் கூட்டுமா, குறைக்குமா?

இரண்டும் நடக்கும். இருவர் அமரும் கயாக்கை ஆங்கிலம் பேசும் நாடுகளில் "விவாகரத்துப் படகு" என்று கிண்டலாக அழைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் இருப்பவர் திசையைத் தவறவிட்டால் முன்னால் இருப்பவரின் உழைப்பும் வீணாகும். முன்னால் இருப்பவர் தாளத்தை மாற்றினால் பின்னால் இருப்பவரின் தோள் பழுதாகும். மாரத்தான் கேனோவில் இருவரும் ஒரே பக்கமாக இழுக்காமல் எதிரெதிர்ப் பக்கங்களில் துடுப்புப் போட்டு, சில இழுப்புகளுக்கு ஒருமுறை ஒருவர் குரல் கொடுத்தவுடன் ஒரே கணத்தில் பக்கம் மாறுகிறார்கள். இதையே பல மணி நேரம், நிமிடத்திற்கு அறுபது எழுபது இழுப்புகள் என்ற கதியில் செய்யும்போது, பேச்சு தேவைப்படாத ஓர் ஒத்திசைவு உருவாகிறது. அந்த ஒத்திசைவுக்காகவே திரும்ப வருவதாகச் சொல்லும் இணைகள் உண்டு.

ஊக்கத்தைப் பொறுத்தவரை முக்கியமானது வேறொன்று. தனியாக ஓடுபவர் பந்தயத்திலிருந்து விலகினால் அவருடைய பந்தயம் மட்டும் முடிகிறது. இருவர் படகில் ஒருவர் விலகினால் மற்றவரின் பல மாத உழைப்பும் அங்கேயே முடிகிறது. எனவே "நான் ஏன் தொடர்கிறேன்" என்ற கேள்விக்கு "அவரை நட்டாற்றில் விட முடியாது" என்பதே போதுமான விடையாகிவிடுகிறது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகியோரின் சுயநிர்ணயக் கோட்பாடு மனிதரின் உள்ளூக்கத்துக்குத் தேவையானவையாகத் தன்விருப்பம், திறமை உணர்வு, பிறரோடான பிணைப்பு ஆகிய மூன்றைக் குறிப்பிடுகிறது. நெடும்பந்தயத்தின் நடுவில் முதல் இரண்டும் தளர்ந்துவிட்ட வேளையில் மூன்றாவது மட்டும் படகை நகர்த்துவதைப் பார்க்கலாம். கணவன் மனைவி, தந்தை மகள், அண்ணன் தம்பி என்று சேருபவர்களில் பலர் முதலிலேயே இதைத்தான் நாடி வருகிறார்கள். வீட்டில் கிடைக்காத நீண்ட தனிமையும், ஒரே வேலையில் இருவரும் கைகோக்க வேண்டிய கட்டாயமும் வேறெங்கும் அவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை.

எந்த ஆறாக இருந்தாலும் தூரம் ஒன்றுதானே? குறிப்பிட்ட ஓர் ஆற்றின் மீது ஏன் இவ்வளவு பிடிப்பு?

தூரத்தை மட்டும் விரும்புபவர் ஓர் ஏரியைச் சுற்றிச் சுற்றி வரலாம். அப்படிச் செய்ய விரும்புபவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான நெடும்பந்தயங்கள் ஒரு பழைய பயணத்தின் தடத்தில் அமைந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

யூகான் ஆற்றுப் பந்தயம், 1890களின் இறுதியில் கிளாண்டைக் தங்க வேட்டைக்காக ஆயிரக்கணக்கானோர் கைக்குக் கிடைத்த மரத்தில் படகு கட்டிச் சென்ற நீர்வழியின் ஒரு பகுதியைப் பின்பற்றுகிறது. டெக்சாஸ் பந்தயத்துக்கு விதை, 1962இல் ஃபிராங்க் பிரவுன், பில் ஜார்ஜ் என்ற இரு நண்பர்கள் மோட்டார் இல்லாத படகில் சான் மார்கோஸிலிருந்து கடலோர நகரமான கார்பஸ் கிறிஸ்டி வரை சென்ற பயணம். அடுத்த ஆண்டே அதைப் பந்தயமாக்கினார்கள். டிவைசஸ்–வெஸ்ட்மின்ஸ்டர் பந்தயம், 1948 ஈஸ்டர் விடுமுறையில் சாரணர் இளைஞர்கள் தங்கள் உணவைத் தாங்களே சுமந்துகொண்டு 100 மணி நேரத்துக்குள் லண்டனை அடைய முடியுமா என்ற சவாலிலிருந்து வளர்ந்தது. அந்த வழியில் 77 இடங்களில் படகை நீரிலிருந்து தூக்கி, மதகைச் சுற்றி நடந்து, மறுபடி இறக்க வேண்டும். கனடாவின் கியூபெக்கில் 1934இல் தொடங்கிய மாரிசி கேனோப் பந்தயம், மரம் வெட்டுபவர்களும் தோல் வணிகர்களும் புழங்கிய செயின்ட் மாரிஸ் ஆற்றில் மூன்று நாள்கள் நடக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் டூசி மாரத்தான் இவற்றில் தனித்து நிற்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரையிலான அந்த வழியில் 1951 டிசம்பரில் எட்டுப் பேர் புறப்பட்டார்கள். ஆற்றில் ஒரு பகுதியில் தண்ணீரே போதவில்லை, பின்னர் வெள்ளம் வந்தது, இயன் பிளேயரைப் பாம்பும் கடித்தது. ஆறு நாள்களுக்கு மேல் எடுத்துக்கொண்டு எல்லையைத் தொட்டவர் அவர் ஒருவரே. பின்னாளில் வெள்ளைக் காண்டாமிருகத்தை அழிவிலிருந்து மீட்ட முயற்சிக்காக உலகறிந்தவரும் அவர்தான். இன்று மூன்று நாள்களில் அதே பள்ளத்தாக்கை, தோளில் படகோடு மலைச்சரிவில் ஓடியும், நீரில் இறங்கித் துடுப்புப் போட்டும் கடப்பவர்களுக்கு அந்தக் கதை தெரியும். ஒரு முன்னோடியின் தடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது சிறிய ஈர்ப்பு அன்று. பந்தயத்தின் பெயரைச் சொன்னாலே உள்ளூரில் எவரும் அதன் பொருளை உணர்வதும் அந்த ஈர்ப்பின் பகுதியே.

இரவு முழுவதும் தூங்காமல் இருப்பதை யாராவது விரும்புவார்களா?

விரும்புவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வடக்கே வெகுதூரத்தில் ஜூன் மாத இறுதியில் நடக்கும் யூகான் பந்தயத்தில் முழு இருளே வருவதில்லை. நள்ளிரவிலும் ஆற்றின் வளைவுகள் கண்ணுக்குத் தெரியும். மிசௌரியிலும் டெக்சாஸிலும் அப்படி இல்லை. அங்கே நெற்றி விளக்கின் சிறு வட்டத்துக்குள் கட்டைகளையும் தூண்களையும் தவிர்த்துச் செல்ல வேண்டும். இரண்டாம் இரவில் கரையோர மரங்கள் வீடுகளாகவும் மனித முகங்களாகவும் விலங்குகளாகவும் தோன்றுவது துடுப்பாளர்களிடையே வெகு பொதுவான அனுபவம். தூக்கமிழந்த மூளை, தெளிவில்லாத வடிவங்களைத் தனக்குத் தெரிந்த பொருள்களாக நிரப்பிக்கொள்வதன் விளைவு அது. கதையாகச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. தன் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்ததுபோல் சிலர் உணர்கிறார்கள். ஆனால் அதையே நோக்கமாகக் கொண்டு சேருவது அறிவுடைமை ஆகாது. இல்லாத கரையை நோக்கிப் படகைத் திருப்புபவர் உண்மையான பாறையில் மோதுவார். யூகான் ஆற்றிலேயே நடக்கும் ஆயிரம் மைல் பந்தயம் ஒவ்வோர் இரவும் 6 மணி நேரம் கரையில் தங்குவதைக் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கைகள் கொப்புளித்து, முதுகு வலித்து முடித்தவர்கள் அடுத்த ஆண்டும் ஏன் வருகிறார்கள்?

நினைவு, நேரத்தை நேர்மையாகக் கணக்கு வைப்பதில்லை. டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட சோதனையில், ஒருமுறை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 வினாடிகள் கையை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொருமுறை அதே 60 வினாடிகளோடு, நீர் 15 பாகைக்கு மெல்லச் சூடாகும் 30 வினாடிகளையும் சேர்த்தார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமான இரண்டாவதையே தேர்ந்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம். முடிவு மட்டும் சற்று இதமானது. துன்பத்தின் உச்சமும் அது முடிந்த விதமும் நினைவில் நிற்கின்றன, நீளம் மங்கிவிடுகிறது.

நெடும்பந்தயம் இந்த இயல்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போலப் பொருந்துகிறது. நாள்கணக்கில் நீளும் சலிப்பும் வலியும் இறுதிக் கரையில் நிற்கும் கூட்டத்தின் கைதட்டலோடு முடிகின்றன. எல்லையைத் தொட்ட கணத்தில் "இனி ஒருபோதும் இல்லை" என்று சொன்னவரே மாதம் ஒன்று கழிவதற்குள் அடுத்த ஆண்டுப் பதிவு எப்போது திறக்கும் என்று பார்ப்பார். அவர் பொய் சொன்னதாகக் கொள்ள வேண்டியதில்லை.

திரும்பி வருவதற்கு இதைவிடக் கனமான காரணம் ஒன்றும் உண்டு: முடிக்காமல் விட்டது. முதல்முறை முடித்தவரைவிட, எல்லைக்குச் சில மைல்கள் முன்பு கால வரம்பு முடிந்து வெளியேறியவரே அடுத்த ஆண்டு உறுதியாக வருகிறார் என்பது இப்பந்தயங்களைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்குப் பழகிய காட்சி.

தொண்டுக்கு நிதி திரட்டுவதாகச் சொல்வது உண்மையான காரணமா?

சில பந்தயங்களுக்கு அதுவே பிறப்பு. ஆஸ்திரேலியாவின் மரே மாரத்தான் 1969இல் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்டும் பயணமாகத் தொடங்கி, ஐந்து நாள்களில் 404 கிலோமீட்டர் கடக்கும் பந்தயமாக வளர்ந்தது. அதே நாட்டின் ஹாக்ஸ்பரி இரவுப் பந்தயமும் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ப்பதோடு நெருங்கிய தொடர்புடையது. தனிமனிதரைப் பொறுத்தவரை தொண்டு பெரும்பாலும் சேருவதற்கான அனுமதிச் சீட்டாக இருக்கிறது. குடும்பத்தினரிடமும் அலுவலகத்திலும் இத்தனை நாள் விடுப்புக்குக் காரணம் சொல்ல அது உதவுகிறது. நோயால் இறந்த ஒருவரின் பெயரைப் படகில் எழுதிச் செல்பவர்களின் நிலை வேறு. அவர்கள் விலகுவது அரிது.

பெண்கள் சேருவதற்கான காரணங்கள் மாறுபடுகின்றனவா?

அடிப்படையில் இல்லை. ஆனால் வரலாறு ஒரு கூடுதல் காரணத்தைத் தந்திருக்கிறது. ஹவாயில் மொலோகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவு வரை கடல்கால்வாயைக் கடக்கும், பக்கத்தில் மிதவைக் கட்டை பொருத்திய துணைமிதவைப் படகுகளின் பந்தயம் ஆண்களுக்காக 1952இல் தொடங்கியது. பெண்களுக்கான பந்தயம் 1979இல்தான் வந்தது. அந்தக் கால்வாய் பெண்களால் கடக்க முடியாதது என்ற எண்ணத்தை, பந்தயம் வருவதற்கு முன்பே கடந்து காட்டித்தான் உடைக்க வேண்டியிருந்தது. இன்று கலப்பு இணைகள் பல ஆற்றுப் பந்தயங்களில் முன்வரிசையில் முடிக்கின்றன.

கரையில் துணைக்கு வருபவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி இது. தண்ணீர்ப் புட்டிகளோடு பாலத்துக்குப் பாலம் காரில் விரைந்து, சேற்றில் இறங்கி நின்று, மூன்று மணி நேரம் காத்திருந்து முப்பது வினாடிகளில் படகை அனுப்பி வைப்பவர்கள் துடுப்பாளர் அளவுக்கே தூக்கம் இழக்கிறார்கள். பாராட்டு அவர்களை அதிகம் எட்டுவதில்லை. பலர் அன்பினால் வருகிறார்கள். சிலர் அடுத்த ஆண்டு தாங்களே படகில் ஏறுவதற்காகப் பார்த்துக் கற்க வருகிறார்கள். முதல்முறை துடுப்பாளர்களில் கணிசமானோர் இந்தக் கரைவழியாக வந்தவர்கள்தான்.

பாதியில் விலகுவது மனவுறுதி இல்லாததையா காட்டுகிறது?

இல்லை. இந்தப் பார்வை ஆபத்தானதும்கூட. நீண்ட நேரம் வெயிலில் உழைப்பவர் உப்பு இல்லாமல் தண்ணீரை மட்டும் மிகையாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் மயக்கமும் ஏற்படும்; 2012 டெக்சாஸ் பந்தயத்தில் ஒரு பங்கேற்பாளர் இதனால் உயிரிழந்தார். குளிர்ந்த ஆறுகளில் உடல்வெப்பம் குறைவதும் அதே அளவு கொடியது. இரு நிலைகளிலும் முதலில் பழுதாவது சீர்தூக்கிப் பார்க்கும் திறன் என்பதால், "இன்னும் முடியும்" என்று உள்ளே ஒலிக்கும் குரலை அந்த வேளையில் நம்ப முடியாது. எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது என்பதைப் புறப்படும் முன்பே துணைவரோடும் கரைக்குழுவோடும் பேசி வைத்திருப்பவர்கள், பந்தயத்துக்குள் அதைப் பற்றி வாதிட வேண்டியதில்லை.

முதன்முறை சேர விரும்புகிறேன். என் காரணம் போதுமானதா என்று எப்படி அறிவது?

பதிவு செய்யும்போது எந்தக் காரணமும் போதும், பொழுதுபோகவில்லை என்பதுகூட. அது எப்படியும் இரண்டாம் இரவு வரை தாங்காது. பார்க்க வேண்டியது பயிற்சியைத்தான். குளிரிலும் மழையிலும், எவரும் பார்க்காத வேளையில், ஆறு மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டுப் படகைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் வேலை பெரிதாகக் கசக்கவில்லை என்றால், பந்தயம் அதன் நீட்சிதான். அந்த வேலை வெறுப்பாக இருந்து, முடிவுக் கோட்டின் கற்பனை மட்டும் இனித்தால், நீளம் குறைந்த ஒன்றை முதலில் தேர்ந்துகொள்ளலாம். டிவைசஸ் பந்தயத்துக்கு முன் அதன் வழியிலுள்ள கால்வாயில் தூரத்தை ஏற்றிக்கொண்டே போகும் வாட்டர்சைட் தொடர் பந்தயங்கள் நடப்பது இதற்காகத்தான். ஓர் இரவாவது முழுவதும் இருட்டில், பந்தயத்தில் உடன் அமரப்போகும் அதே துணைவரோடு, அதே படகில், அதே உணவைத் தின்று துடுப்புப் போட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுவது நல்லது.